புகையும் புகைப்படமும்

"அசையாதீர்கள்! இங்கே பாருங்கள்! கண்ணை இமைக்காதீர்கள்!"

ஆணையிடுபவர் அரசர் அல்லர், ஆச்சாரியாரும் அல்லர். மூன்று கால் தாங்கியின்மீது ஒரு மரப்பெட்டி, அதன் நெற்றியில் ஒற்றைக் கண், பின்புறம் ஒரு கறுப்புத் துணி. அந்தக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருக்கிறார் ஒரு தொழிலாளி. அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஊரையே ஆட்டிப்படைக்கும் மிராசுதார் மூச்சடக்கி நிற்கிறார். மாமியார் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார். குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு அந்த ஒற்றைக் கண்ணை வியப்போடு நோக்குகிறது!

அந்தத் தொழிலாளி மந்திரம் ஓதவில்லை. குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை. இராகு காலமா, எமகண்டமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. அவர் பார்த்த நல்ல நேரம் ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சம் இருக்கும் நேரம்!

ஒரு குடும்பம் தன் வாழ்வின் புதிய தொடக்கத்தைப் பதிவு செய்து வைக்க, எவரிடம் செல்ல வேண்டும்? நெருப்பை மூட்டிப் புகையைக் கிளப்பி, நமக்குப் புரியாத மொழியில் முணுமுணுப்பவரிடமா? ஒளியைப் பிடித்து அட்டையில் நிறுத்தி, "இதோ நீங்கள்!" என்று நம் கையில் கொடுப்பவரிடமா? ஓமப் புகை கண்ணைக் கரித்துவிட்டுக் கூரை வழியே கலைந்து போகிறது. புகைப்படமோ பெட்டிக்குள் கிடந்து, எழுபது ஆண்டு கழித்தும் பேத்தியிடம் பேசுகிறது. முன்னதைச் "சாட்சி" என்றனர். பின்னதை "வேடிக்கை" என்றனர். வேடிக்கை என்று ஒதுக்கப்பட்டது எவ்வாறு சாட்சியாயிற்று என்பது ஒரு வரலாறு. அந்த வரலாற்றையே இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

ஆயுளைக் குடிக்கும் பெட்டி!

"படம் எடுத்தால் ஆயுள் குறையும்!" நம் பாட்டிமார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கர்ப்பிணியைப் படமெடுக்கக் கூடாது, கைக்குழந்தையைப் படமெடுக்கக் கூடாது, மூவராக நின்று படமெடுக்கக் கூடாது, எத்தனை "கூடாது"கள்! படமே எடுத்துக்கொள்ளாத நம் முப்பாட்டன்மார் நூறாண்டு வாழ்ந்தனரோ? பெரியம்மையும் பேதியும் கிராமம் கிராமமாக வாரிச் சென்ற காலத்தில், எந்தப் படப்பெட்டி வந்து அவர்கள் ஆயுளைக் குடித்தது? ஆயுளைக் குறைத்தவை நோயும் பட்டினியும். அவற்றுக்கு மருந்து தேடாமல் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றிய மடமையும்! பழியை மட்டும் பாவம், அந்த மரப்பெட்டியின் தலையில் கட்டிவிட்டோம்.

அந்தப் பெட்டிக்குள் ஆவி எதுவும் இல்லை. இருப்பது வெள்ளியின் உப்பு. வெள்ளி உப்பு கறுப்பது வெப்பத்தால் அன்று, ஒளியால் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செர்மனி நாட்டு அறிஞர் சூல்சு சோதனை மூலம் காட்டினார். பிரான்சு நாட்டின் நீப்சு, 1820-களில் தம் வீட்டுச் சாளரத்திலிருந்து தெரிந்த காட்சியை ஒரு தகட்டில் பதித்தார். அவருடைய கூட்டாளி தாகேர் அந்த முறையை மேலும் வளர்த்தார். 1839-ம் ஆண்டு ஆகஸ்ட் 19-ம் நாள், பாரிசு நகரில் அறிஞர் அவையின் முன்பு அம்முறை விளக்கப்பட்டது. மறைக்கவில்லை! "இது எம் குலத்தார்க்கு மட்டுமே உரியது, வேறு எவர் காதிலேனும் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவோம்" என்று மிரட்டவில்லை! வேதத்தை மறைத்தவர் மரபையும், விஞ்ஞானத்தை விளக்கியவர் மரபையும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

இங்கிலாந்தில் டால்பட்டு, ஒரு மறுபடியிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கும் வழியை 1841-ல் காப்புரிமையாகப் பதிவு செய்தார். 1851-ல் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டு முறையைக் கண்டார். 1854-ல் பிரான்சின் திசுதேரி, ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். படத்தின் விலை சரிந்தது. அதுவரை, தன் முகத்தை எழுதி வைத்துக்கொள்ள ஓவியனை அமர்த்தும் செல்வம் வேண்டும். ஆகவே அரசனுக்கு முகம் உண்டு, ஆலைத் தொழிலாளிக்கு முகம் இல்லை! அந்த நிலையைத் தகர்த்தது ஒளி. 1900-ல் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் "பிரௌனி" என்னும் அட்டைப்பெட்டிப் படக்கருவியை ஒரே டாலருக்கு விற்றபோது, சிறுவர் கையிலும் படக்கருவி வந்து சேர்ந்தது. எந்தக் கடவுளும் செய்யாத வேலை அது. ஏழைக்கும் ஒரு முகம் உண்டு என்று ஏட்டில் ஏற்றிய வேலை!

முகம் இருந்தது, பெயர் இல்லை!

ஆனால் தோழர்களே, கருவி எவர் கையில் இருக்கிறதோ, அவர் நோக்கத்துக்கே முதலில் அது பணிபுரியும். நம் நாட்டில் படக்கருவி முதலில் எவர் கையில் இருந்தது?

1856-ல் சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் தோன்றியது. சென்னைக் கலைப்பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் அண்டர் அதற்குக் காரணமானவர். அதே காலத்தில் கம்பெனிப் படையின் அதிகாரி லின்னேயசு டிரைப், சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பட்டு, 1858-ல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஒட்டினார். வியக்கத்தக்க உழைப்பு! கல்லைப் படமெடுத்தனர், கோபுரத்தைப் படமெடுத்தனர். அந்தக் கல்லைச் சுமந்தவன் வழியில் வந்தவனை?

அவனையும் எடுத்தனர், ஆனால் எப்படி? 1857-ம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, தாம் ஆளும் மக்கள் யாரார் என்று அறிய விழைந்த வெள்ளை ஆட்சி, "இந்திய மக்கள்" என்ற பெயரில் 1868 முதல் 1875 வரை எட்டுப் படத்தொகுதிகளை வெளியிட்டது. படங்களின் கீழே பெரும்பாலும் மனிதனின் பெயர் இராது. அவன் சாதியின் பெயர் இருக்கும்! சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையை அளந்தார், மூக்கை அளந்தார், படமும் எடுத்தார். 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளிவந்தன. ஆராய்ச்சிக்கு அவை பயன்படலாம், மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது நெஞ்சு உறுத்துகிறது. ஒரு தாய் நம்மை நேராக நோக்கி நிற்கிறாள். அவளுக்கு என்ன பெயர்? எத்தனை பிள்ளைகள்? அன்று காலை உண்டாளா? எழுதியவர் கேட்கவில்லை. மனு எழுதிய முத்திரையைத்தான் வெள்ளையர் புத்தகமும் அவள் நெற்றியில் குத்தியது!

அதே கருவியைத் திருப்பிப் பிடித்த வீரர்களும் உலகில் உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி விடுதலை பெற்ற பிரடெரிக் டக்ளசைப் பாருங்கள்! நீக்ரோ மக்களைக் கோமாளிகளாகவும் கோரமாகவும் எழுதிக் காட்டிய கேலிச் சித்திரங்களுக்கு விடையாக, அவர் படக்கருவியின் முன் மீண்டும் மீண்டும் சென்று அமர்ந்தார். நிமிர்ந்த தலை, நேர்கொண்ட பார்வை, ஒழுங்கான உடை. இன்று கிடைப்பன மட்டும் ஏறத்தாழ 160 படங்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவரளவு படமெடுக்கப்பட்டவர் வேறெவரும் இலர் என்கின்றனர் ஆய்வாளர். 1861-ல் படங்களைப் பற்றியே அவர் சொற்பொழிவும் ஆற்றினார். அவருக்குப் பின் வந்த அறிஞர் டுபாய்சு, 1900-ல் பாரிசு கண்காட்சிக்கு, சார்சியா மாநிலக் கறுப்பின மக்களின் 363 படங்களை ஏடுகளாகத் தொகுத்துக் கொண்டுசென்றார். மாணவர், கடைக்காரர், தாய்மார், குடும்பத்தார்! "இழிந்தோர்" என்று நீங்கள் எழுதி வைத்தவர்களின் உண்மை முகம் இதோ என்று காட்டியது அந்த ஏடு.

குடும்பப் படம் என்பது அலமாரி அலங்காரம் மட்டுமன்று. "நாங்கள் இருக்கிறோம், இப்படி வாழ்கிறோம், இவர் எங்கள் மனைவி, இவர் எங்கள் மக்கள்" என்று உலகுக்கு அறிவிக்கும் பட்டயம் அது. உரிமை மறுக்கப்பட்டவனுக்குத்தான் அந்தப் பட்டயத்தின் அருமை தெரியும்.

நாற்காலி சொல்லும் கதை

நம் ஊர்களில் போட்டோ ஸ்டுடியோக்கள் பெருகியபின், வெள்ளையர் தேடிவந்து எடுத்த நிலை மாறி, மக்கள் தாமே தேடிச்சென்று எடுத்துக்கொண்ட நிலை தோன்றியது. வரைந்த திரைச்சீலை, அதில் மாளிகையும் மாடிப்படியும். பக்கத்தில் ஒரு பூச்சாடி. வாடகையின்றிக் கிடைக்கும் ஒரு கோட்டு. குடிசையில் வாழ்ந்தவன் ஒரு நாள், ஒரு நிமிடம், மாளிகையின் முன் நின்றான். நகைப்பவர் நகைக்கட்டும், நாம் நகைக்க மாட்டோம். இப்படியும் வாழலாம் என்ற ஆசையின் முதற் கீறல் அது.

அந்த ஸ்டுடியோவில் பல இனிய வழக்கங்களும் பிறந்தன. ஏழாம் மாதத்துப் பெண்ணுக்குப் பூத் தைத்து, பின்னலின் அழகு தெரியப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து எடுத்த படம். முதலாண்டு நிறைந்த பிள்ளையைப் பாயில் குப்புறக் கிடத்தி எடுத்த படம். பள்ளி இறுதித் தேர்வில் வென்ற மகன், கையில் சுருட்டிய தாளோடு நிற்கும் படம். இவற்றில் எவருக்கும் தீங்கில்லை, எவர் காலிலும் எவரும் விழவில்லை, எவருக்கும் தட்சணை இல்லை. அன்பால் பிறந்த வழக்கத்தை நாம் பழிப்பதில்லை. அச்சத்தால் பிறந்ததையும், ஆதிக்கத்தால் புகுத்தப்பட்டதையுமே எதிர்க்கிறோம். "மரபு" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் குழப்புவோர் இதைக் கவனிக்கட்டும்.

அந்தப் படங்களிலேயே ஆதிக்கமும் ஒளிந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய குடும்பப் படம் இருந்தால் எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். நடுவில் நாற்காலி, அதில் ஆண்மகன். கால்மேல் கால், மீசை முறுக்கு. பக்கத்தில் நிற்பவள் மனைவி, கண்கள் தரையில். நகைகள் மட்டும் நன்றாகத் தெரியும்படி முன்னால் இழுத்துவிடப்பட்டிருக்கும்! சரி, அந்த வீட்டில் இளமையில் கணவனை இழந்த அத்தை ஒருத்தி இருந்தாளே, எங்கே அவள்? அடுப்பங்கரையில்! அந்தக் குடும்பத்துக்கே சோறு வடித்தவள். படத்தில் நிற்க மட்டும் "அமங்கலி"! எத்தனையோ வீடுகளில் அவள் முகம் எந்த அட்டையிலும் பதியாமலே மறைந்துபோயிற்று. படத்தில் இருப்போரைப் பற்றி மட்டுமன்று, படத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் படம் சாட்சி சொல்கிறது.

புதிய படம் பிறந்தது

1925-ல் "குடிஅரசு" ஏட்டைத் தொடங்கிய பெரியார், புரோகிதத்தை நேருக்கு நேர் எதிர்த்தார். 1928 மே மாதம், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் அவர் தலைமையில் நடந்த திருமணமே முதல் சுயமரியாதைத் திருமணமாகப் போற்றப்படுகிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்கவும் பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்கவும் முழங்கிற்று. அன்று முதல் ஊர்தோறும் ஒரு புதிய காட்சி. அதனால் ஒரு புதிய படம்!

அந்தப் படத்தில் எவை இல்லை என்று பாருங்கள். ஓமகுண்டம் இல்லை. அம்மி இல்லை, அருந்ததி இல்லை. மணையில் குனிந்த தலை இல்லை. எவை இருக்கின்றன? மேடை, மேசை, ஒலிபெருக்கி. இரண்டு நாற்காலிகள், இரண்டும் ஒரே உயரம்! ஒன்றில் மணமகன், மற்றொன்றில் மணமகள். கழுத்தில் மாலை, முகத்தில் கூச்சம் கலந்த துணிவு. பின்னால் நிற்பவர் கையில் உறுதிமொழித் தாள். தமிழில் எழுதிய தாள். முன்னே, பக்கத்தில், பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு, மரத்தில் ஏறிக்கொண்டு, மக்கள்! படம் முழுவதும் மக்கள்!

ஓமத் திருமணத்தின் சாட்சி நெருப்பு. நெருப்புக்கு வாய் இல்லை. நாளை கணவன் கைவிட்டால் நியாய மன்றத்தில் ஏறி அது பேசாது. சுயமரியாதைத் திருமணத்தின் சாட்சி மக்கள். அந்த மக்களை முகம் முகமாக நிறுத்தி வைத்தது படம்.

ஆனால் அந்த மணமக்கள் எத்தனை பெரிய துணிச்சலைச் செய்தார்கள் என்பதை இன்றைய இளைஞர் உணர்தல் வேண்டும். சட்டம் அவர்கள் பக்கம் இல்லை! இம்முறையில் நடைபெற்ற ஒரு திருமணம் பற்றிய வழக்கில், 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் அத்திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சாத்திரம் கூறும் சடங்கு நடக்கவில்லையாம். சடங்கின்றி மணப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கமும் இல்லையாம். அந்த ஒரு தீர்ப்பின் பொருள் என்ன? கால் நூற்றாண்டாக மாலை மாற்றி மணந்த ஆயிரமாயிரம் பெண்கள், ஒரே நாளில், சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர்! அவர்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குறி! பங்காளி கேட்பான்: "உன் தாய்க்கு எந்த ஐயர் மணம் செய்து வைத்தார்?" 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளையே நாடி நின்றது, இவர்களைக் காக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு சுயமரியாதைக் குடும்பத்தின் டிரங்குப் பெட்டியில் கிடந்த திருமணப் படத்தை எண்ணிப் பாருங்கள். மற்றவர்க்கு அது நினைவுப் பொருள். இவர்களுக்கு அது மானம்! தாய் அதை எடுத்து மகளுக்குக் காட்டுவாள்: "இதோ, இவர் தலைமை தாங்கினார். இதோ உன் பாட்டன். இதோ உன் அப்பா. இதோ நான். ஊரறிய மணந்தோம்." சட்டம் "இல்லை" என்றது, படம் "ஆம்" என்றது!

படத்தொழிலில் ஒரு விந்தை உண்டு. ஒளி பட்ட தகட்டை உடனே பார்த்தால் அதில் ஒன்றும் தெரியாது. வெற்றுத் தகடுபோலவே இருக்கும். உருவம் உள்ளே பதிந்துவிட்டது. மருந்தில் இட்டால்தான் வெளிப்படும். 1928-ல் பதிந்த உருவம் அத்தகையது. அதை வெளிக்கொணரும் மருந்து வர நாற்பதாண்டு காத்திருக்க நேர்ந்தது.

1967-ல் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். அதே ஆண்டில் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தும் சட்டத்தைச் சென்னை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 7-அ என்னும் அந்தப் பிரிவு கூறுவது என்ன? உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் எந்த மொழியிலேனும், "இவரை வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன்" என்று ஒருவர்க்கொருவர் அறிவித்தால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். புரோகிதர் என்ற சொல்லே தேவைப்படவில்லை! முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அச்சட்டம் அறிவித்தது. டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த படங்கள் அனைத்தும் அன்று தலைநிமிர்ந்தன!

சட்டம் கேட்டது எதை? மக்கள் முன்னிலையை, மாலையை, மோதிரத்தை. கண்ணால் காணத்தக்கவற்றை! படக்கருவி பிடிக்கக்கூடியவை எவையோ, அவையே திருமணத்தின் இலக்கணமாயின. படத்தில் பிடிபடாத அக்கினி தேவனும் அருந்ததியும் சட்டத்துக்கு வெளியே நின்றனர்.

அதே 1967-ல் இன்னொன்றும் நிகழ்ந்தது. உதகமண்டலத்தில், தூசு குறைந்த குளிர்ந்த காற்றை நாடி அமைக்கப்பட்ட அரசுத் துறை ஆலையான இந்துஸ்தான் போட்டோ பிலிம்சு, படச்சுருள் உற்பத்தியைத் தொடங்கியது. சுருளின் பெயர் "இந்து". நிலவு என்று பொருளாம். பெயர் எதுவாயினும் ஆகட்டும். அதில் பூசிய வெள்ளி உப்பு மட்டும் சாதி பார்க்கவில்லை! நீலகிரியில் செய்த சுருள், நாடெங்கும் எளியோர் வீட்டுத் திருமணங்களைப் பதிவு செய்தது. பின்னாளில் எண்மப் படக்கருவிகள் வந்தன. அந்த ஆலையும் நலிந்து மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் உழைப்பின் நினைவாக, அவர்கள் செய்த சுருளில் பதிந்த படங்களே நம் வீடுகளில் எஞ்சியிருக்கின்றன.

சட்டம் வந்தபின் வழக்கு ஓய்ந்ததா? இல்லை. மனைவியிருக்க மற்றொருத்தியை மணந்த ஒருவர், "இரண்டாம் திருமணத்தில் ஏழடி நடக்கும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே அன்று, நான் குற்றவாளி அல்லேன்" என்று வாதிட்டார். சாத்திரம் எவ்வளவு வசதியான ஓட்டை, பார்த்தீர்களா! 2001-ல் உச்சநீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. 7-அ பிரிவின்படி அத்திருமணம் செல்லும், ஏழடி தேவையில்லை என்றது. பெண்ணைக் காத்தது சடங்கு அன்று. சடங்கை நீக்கிய சட்டம்! 2023 ஆகஸ்டில் அதே உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. இத்திருமணத்துக்குப் பெருங்கூட்டமும் பகிரங்க விழாவும் கட்டாயமல்ல என்றும், வீட்டாரின் எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சும் இணையரிடம் விளம்பரத்தைக் கேட்பது தகாது என்றும் தெளிவுபடுத்தியது.

தொட்டிலும் படத்திறப்பும்

திருமணத்தோடு நின்றதா இயக்கம்? பிறந்த பிள்ளைக்குச் சாதகம் எழுதுவதற்கு மாற்றாக, தலைவர்களைக் கொண்டு தமிழில் பெயர் சூட்டினர். புது வீட்டில் ஓமம் வளர்ப்பதற்கு மாற்றாக, நண்பரைக் கூட்டி விருந்து வைத்துப் புகுந்தனர். இறப்பிலும் ஒரு புரட்சி! பதினாறாம் நாள் பிண்டமும் தர்ப்பையும் காக்கையும் இருந்த இடத்தில், படத்திறப்பு வந்தது. திரையை விலக்கினால் மறைந்தவரின் முகம். வந்தோர் எழுந்து, அவர் செய்த நன்மையைத் தம் மொழியில் பேசினர். மோட்சம் என்ற வெறும் பேச்சு இல்லை. வாழ்ந்த வாழ்வின் மதிப்பு மட்டுமே. ஒரு தச்சுத் தொழிலாளிக்கும் தலைவருக்கு நிகரான திறப்பு நிகழ்ச்சி! இறந்தவரைப் பேயாக்கி அஞ்சியவர்களுக்கு, அவரை மனிதராகவே நினைவில் வைக்கக் கற்றுத்தந்தது அந்தப் படம்.

ஆனால் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்த படத்தின் முன் ஊதுபத்தி எப்போது வந்தது? குங்குமம் எப்போது வந்தது? வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மாலை மாற்றி, கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வீடுகள் நம்மிடையிலும் இல்லையா? சாட்சியாய் வந்த படத்தைச் சாமியாய் ஆக்கிவிட்டால், புகைப்படத்தைச் சுற்றி மீண்டும் புகை! தந்தையின் படத்தை வணங்குவதைவிட, அந்தப் படத்தைப் பிள்ளைக்குக் காட்டி அவர் கதையைச் சொல்வதே சிறந்த படையல்.

இன்று எடுக்கும் படம்

இன்று படக்கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது, தொலைபேசியே படப்பெட்டி! பறக்கும் கருவி பந்தலுக்கு மேல் வட்டமிடுகிறது. திருமணத்துக்கு முன்பே கடற்கரையிலும் கோட்டையிலும் படம். ஆல்பத்துக்கு ஆகும் செலவில் ஓர் ஏழைக் குடும்பம் ஓராண்டு உண்ணலாம். கருவி புதியது, கருத்து? அதே ஓமம், அதே அம்மி, அதே குனிந்த தலை. "ஐயரே, சற்றுப் பொறுங்கள், புகை மறைக்கிறது!" என்று படப்பிடிப்பாளர் சொல்ல, புரோகிதரும் பொறுக்கிறார். மந்திரத்தை நிறுத்தி வைக்கும் ஆற்றல் படக்கருவிக்கு வந்துவிட்டது. மந்திரத்தை நீக்கும் துணிவுதான் மணமக்களுக்கு வரவில்லை!

இன்னொரு படமும் இன்று உலவுகிறது. பெண்ணின் படம், சாதகத்தோடு சேர்த்து, வீடு வீடாக அனுப்பப்படுகிறது. நிறத்தைப் பார்க்கிறார்கள், உயரத்தைப் பார்க்கிறார்கள், திருப்பி அனுப்புகிறார்கள். தர்ஸ்டன் தலையை அளந்தார். இவர்கள் நிறத்தை அளக்கிறார்கள். படத்தின் கீழே அன்றுபோலவே இன்றும் சாதி!

மறுபுறம், காவல் நிலைய வாயிலில் மாலையும் கழுத்துமாக நிற்கும் இணையரின் படம் செய்தித்தாளில் வருகிறது. சாதி கடந்து மணந்தவர்கள். பாதுகாப்பு வேண்டி வந்தவர்கள். உற்றார் எவரும் அந்தப் படத்தில் இல்லை. ஓரிரு நண்பர், ஒரு வழக்குரைஞர், அவ்வளவே. முகத்தில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே. அந்த அச்சம் வீண் அச்சமா? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளைஞர் பட்டப்பகலில், கடைவீதியில், மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொடுமையைக் கடைவீதியின் கண்காணிப்புப் படக்கருவி பதிவு செய்தது. நாடே கண்டு நடுங்கியது. அன்று திருமணத்துக்குச் சாட்சி சொன்ன கருவி, இன்று கொலைக்குச் சாட்சி சொல்ல நேர்ந்ததே! 1928-ல் தொடங்கிய படம் இன்னும் முழுமை பெறவில்லை, தோழர்களே!

அதை முழுமை செய்வது எவ்வாறு? பெரிய காரியம் வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். அடுத்த திருமணத்தில், அடுத்த பெயர்சூட்டு நாளில், குடும்பப் படத்துக்கு நிற்கும்போது நாற்காலிகளைச் சமமாகப் போடுங்கள். கணவனை இழந்த அத்தையை அழைத்து வந்து நடுவில் உட்கார வையுங்கள். சமைத்தவரையும் பந்தலிட்டவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள். சாதி கடந்து மணந்து ஒதுக்கப்பட்ட தங்கை இருந்தால், அவளையும் அவள் கணவனையும் முதலில் வரச்சொல்லுங்கள். அவர்கள் வந்தபின் எடுங்கள் படத்தை!

எடுத்தபின், அதைத் தொலைபேசிக்குள்ளேயே புதைத்துவிடாதீர்கள். ஒரு படியேனும் அச்சிடுங்கள். அதன் பின்புறத்தில் நாளையும் ஊரையும் எழுதுங்கள். நிற்பவர் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதுங்கள், சாதியை எழுதாதீர்கள்! நூறாண்டு கழித்து அதை எடுத்துப் பார்க்கும் பேத்தி, "இவர்கள் யார்?" என்று கேட்டால், அந்த அட்டை விடை சொல்லட்டும்: "மனிதர்கள். ஒருவரையொருவர் விரும்பி, ஒருவர்க்கொருவர் நிகராய் வாழத் துணிந்த மனிதர்கள்!"

புகை கலையட்டும். படம் நிலைக்கட்டும்!